பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய பேஸ்பால் அட்டைகள்: நியாய விலையை எப்படிக் கணக்கிடுவது?

ஷூபெட்டி:

வணக்கம். சேகரிப்பு விஷயத்தில் நான் புதுசு. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு தங்கப் போகிறார். சிறுவயதில் சேர்த்த பேஸ்பால் அட்டைகள் ஒரு ஷூ பெட்டி நிறைய வைத்திருக்கிறார். "உனக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள். விலையை நீயே பார்த்துச் சொல், நான் பேரம் பேசமாட்டேன்" என்று பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். சங்கடமே அதுதான். அவர் பேரம் பேசியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

பெட்டியில் பெரும்பாலும் 1968 முதல் 1972 வரையிலான டாப்ஸ் நிறுவன அட்டைகள். 1968 நோலன் ரயன் ரூக்கி, அதாவது அவருடைய அறிமுக அட்டை (எண் 177, ஜெரி கூஸ்மனும் அதே அட்டையில் இருக்கிறார்), 1969 ரெஜி ஜாக்சன் (எண் 260), கருப்பு ஓரம் போட்ட 1971 அட்டைகள் ஒரு கட்டு, அதில் ஒரு ராபர்டோ கிளமென்டே. அடியில் 1988, 89, 90 வருடத்து டான்ரஸ், டாப்ஸ் கட்டுகள், மகள் சேர்த்தவையாம். அப்புறம், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்: எண் 311, மிக்கி மான்டில், 1952 டாப்ஸ்!

ரயன் அட்டையை இணையத்தில் தேடினால் இருநூறு டாலருக்கும் போட்டிருக்கிறார்கள், இருபதாயிரத்துக்கு மேலும் போட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே அட்டைதான். இதில் எதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வது? எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு, அதாவது நிலையைப் பார்த்து எண் போடும் நிறுவனத்துக்கு, அனுப்ப வேண்டுமா? அவருக்கு எவ்வளவு கொடுத்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம்?

ரேப்பர்:

மூச்சை விடுங்கள். முதலில் ஸ்கேலை எடுத்து மான்டிலை அளந்து பாருங்கள். அசல் 1952 டாப்ஸ் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். டாப்ஸ் இப்போதைய 2½ × 3½ அளவுக்கு மாறியது 1957இல்தான். உங்கள் அட்டை மற்ற அட்டைகளோடு ஒரே கட்டில் ஒழுங்காக அடங்குகிறது என்றால், 1983இல் டாப்ஸே வெளியிட்ட மறுபதிப்பாகத்தான் இருக்கும். பின்பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், ரீபிரின்ட் என்று அதிலேயே போட்டிருக்கும்.

1988-90 கட்டுகளைப் பற்றி ஒரே வரி: அந்தக் காலத்துக்கு ஜங்க் வாக்ஸ் என்றே பெயர். அளவில்லாமல் அச்சடித்தார்கள், எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கருப்புஓரம்:

தம்பி, நல்ல கேள்வி. முக்கியமாக அந்தக் கடைசி வரி. "இது எவ்வளவுக்குப் போகும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம், "எவ்வளவு கொடுப்பது நியாயம்" என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"நோலன் ரயன் ரூக்கி என்ன விலை?" என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த அட்டைக்கு ஒரு விலை என்பதே இல்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பிரதிக்குத்தான் விலை உண்டு. 1968 ரயனில் பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனத்திடம் உச்ச எண்ணான 10 வாங்கிய பிரதி 2016இல் ஆறு லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே ரயன், நாலு மூலையும் மழுங்கி, நடுவில் மடிப்போடு இருந்தால் சில நூறு டாலர். வீரர் அவரேதான், எண்ணும் 177தான். நீங்கள் பார்த்த இருநூறும் இருபதாயிரமும் அப்படி வந்தவைதான். சிலது வெறும் பேராசையிலும் வந்திருக்கும்.

பேராசை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான். ஈபேயில் தேடும்போது "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெஸ்ட் ஆஃபர் முறையில் (வாங்குபவர் தன் விலையைச் சொல்லிக் கேட்பது) விற்றிருந்தால், கேட்ட விலையைக் கோடு போட்டு அடித்துக் காட்டுவார்கள், உண்மையில் கைமாறிய தொகை அதில் இருக்காது. அதைப் பார்க்க 130பாயின்ட் என்ற தளம் உதவும். பெரிய ஏல நிறுவனங்களின் முடிவுகளைப் படிக்கும்போது, அறிவித்த தொகையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும், விற்றவர் கைக்குப் போகாது.

எத்தனை விற்பனையைப் பார்ப்பது என்பது அட்டையைப் பொறுத்தது. ரயன் போன்ற அட்டை வாரந்தோறும் விற்கிறது, கடைசி இரண்டு மூன்று மாதம் போதும். உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று தள்ளிவிட்டு நடுவில் கூட்டமாக நிற்கும் விலைகளைப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை விற்கும் அட்டை என்றால் பழைய விற்பனையை எடுத்துக்கொண்டு, அதே வீரரின் வேறு அட்டைகள் அதற்குப் பிறகு ஏறினவா இறங்கினவா என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மைக்கேல் ஜோர்டானின் 1986 ஃப்ளீயர் அட்டையே சாட்சி. பிஎஸ்ஏ 10 வாங்கிய பிரதிகள் 2021 ஜனவரி கடைசியில் 7,38,000 டாலருக்குப் போயின. அடுத்த வருடமே அதே 10 அந்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அட்டையில் ஒரு கீறல் கூடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த கூட்டம் கலைந்தது, அவ்வளவே. அந்த ஜனவரி விலையை வைத்துக்கொண்டு இன்றும் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள்.

அபூர்வம் என்றால் விலை உயரும் என்பதும் பாதி உண்மைதான். டி206 என்ற நூறு வருடத்துக்கு முந்தைய சிகரெட் பாக்கெட் அட்டை வரிசையின் ஹோனஸ் வாக்னர் உண்மையிலேயே அபூர்வம், உலகத்தில் அறுபது பிரதி அளவுதான் தெரியவந்திருக்கிறது. 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆனால் 1952 மான்டில்? அந்த வரிசையில் டாப்ஸ் இரட்டிப்பாக அச்சடித்த அட்டைகளில் அதுவும் ஒன்று. போதாததற்கு அது மான்டிலின் ரூக்கியும் இல்லை, ரூக்கி 1951இல் போமன் நிறுவனம் வெளியிட்டது. ஆனாலும் 1952 தான் பல மடங்கு விலை. எஸ்ஜிசி என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனம் 9.5 போட்ட பிரதி ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. காரணம்? டாப்ஸின் முதல் பெரிய தொகுப்பு, கண்ணைப் பறிக்கும் படம், விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் அட்லான்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிய கதை. எத்தனை இருக்கிறது என்பதைவிட எத்தனை பேருக்கு வேண்டும் என்பதுதான் கணக்கு. உலகத்தில் பத்தே பிரதி இருந்து, பதினோராவது ஆள் கேட்காத அட்டைகளும் உண்டு.

உங்கள் பெட்டிக்கு வருவோம். அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரு வருடத் தொகுப்பை மொத்தமாக வெளியிடாது, பகுதி பகுதியாகக் கடைக்கு அனுப்பும். கோடை முடிந்து பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிடுவதால் கடைசிப் பகுதியை வாங்கியவர்கள் குறைவு. அதனால் 1972 கட்டில் 657 முதல் எண் உள்ளவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். பேர் தெரியாத ஆட்டக்காரராக இருந்தாலும் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் போகும். ரயனின் 177 முன்பகுதியில் வந்தது, அது ஏராளம். அதன் விலை முழுக்க முழுக்க ரயனுக்காக.

ரயனின் பின்பக்கத்தில் கனடாவில் அச்சிடப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது ஓ-பீ-சீ என்ற கனடா நிறுவனத்தின் பதிப்பு, வேறு கணக்கு. மில்டன் பிராட்லி ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக அச்சிட்டவையும் உண்டு, பின்பக்க மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருக்கும்.

இனி அட்டையின் நிலை. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரே விளக்கின் கீழ் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மெல்லிய சுருக்கம் சாய்த்தால் வரிபோலத் தெரியும். மூலையை பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்பக்கத்தில் ஆல்பத்தில் ஒட்டிக் கிழித்த தடம், பேனாக் கீறல், குண்டூசி ஓட்டை எல்லாம் பாருங்கள். அப்புறம் சென்டரிங், அதாவது படம் நடுவில் நிற்கிறதா என்பது. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மில்லிமீட்டரில் அளங்கள். 2, 3 என்று வந்தால் 40க்கு 60. மேலும் கீழும் அப்படியே. பழைய அட்டைகளில் வாங்குபவர் கண் முதலில் போவது இங்கேதான். எனக்குக் கூர்மூலை இருந்து படம் ஒரு பக்கம் சரிந்த 6ஐவிட, மூலை மழுங்கி நடுவில் நிற்கும் 4 பிடிக்கும். சந்தையும் பல நேரம் என் பக்கம்தான். ஒரே கிரேடு வாங்கிய இரண்டு பிரதிகளில் நன்றாக நடுவில் நிற்பது ஒன்றரை மடங்கு போவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

1971 கட்டு என் பலவீனம், பேரிலேயே தெரிந்திருக்கும். அந்தக் கருப்பு ஓரம் தொட்டாலே உதிரும், உள்ளே இருக்கும் வெள்ளைத்தாள் பல் இளிக்கும். அதனால் அந்த வருட அட்டைகளில் நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது கடினம், 8க்கு மேல் விலை செங்குத்தாக ஏறும். உதிர்ந்த இடத்தில் யாராவது கருப்பு மார்க்கர் பூசியிருக்கிறார்களா என்று ஓரத்தை மட்டும் பக்கவாட்டில் பாருங்கள். பூசியிருந்தால் கிரேடிங் நிறுவனம் எண்ணே போடாது.

எதையும் துடைக்காதீர்கள், அழிக்காதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரயனின் அளவுகளை எழுதுங்கள், மேலே பேசுவோம்.

ஷூபெட்டி:

நன்றி அண்ணா. மான்டில் சரியாக 2½ × 3½. பின்பக்கத்தில் ரீபிரின்ட் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு "அது என் மகனுக்கு வாங்கியது, அசல் என்று நான் எப்போது சொன்னேன்?" என்றார்.

ரயன்: இடது ஓரம் கிட்டத்தட்ட 1.5 மி.மீ., வலது 3.5. மேல் கீழ் பரவாயில்லை. மூன்று மூலை லேசாக மழுங்கல், ஒன்று நன்றாகவே. சாய்த்துப் பார்த்தால் கீழே இடது பக்கம் ஒரு சின்னச் சுருக்கம், முன்பக்கம் மட்டும். பின்பக்கம் சுத்தம், கனடா வரி இல்லை, மஞ்சளும் மங்கல்தான்.

கருப்புஓரம்:

அருமை, இப்படி எழுதினால்தான் பேச முடியும். 30க்கு 70 சென்டரிங், முன்பக்கச் சுருக்கம், ஒரு மோசமான மூலை. நேரில் பார்க்காமல் சொல்வதால் இது கணிப்புதான்: 3 அல்லது 4. சுருக்கம் கண்ணில் பட்டால் 4க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது விற்றவை பட்டியலில் பிஎஸ்ஏ 3, பிஎஸ்ஏ 4 இரண்டையும் தனித்தனியே எடுத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் அட்டை போலவே இடது பக்கம் ஒட்டி நிற்கும் பிரதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அவை அந்தக் கிரேடின் கீழ்வரிசையில்தான் இருக்கும். எஸ்ஜிசி டப்பாவில் (கிரேடு போட்ட அட்டையை மூடித் தரும் பிளாஸ்டிக் உறை) இருந்தால் அதே எண்ணுக்கு வழக்கமாகக் கொஞ்சம் குறைவாகப் போகும், அதையும் இதையும் கலந்து சராசரி எடுக்காதீர்கள். டப்பாவில் இல்லாத வெறும் அட்டைகளின் விற்பனை விலை இன்னும் கீழே இருக்கும். படத்தில் தெரியாத மடிப்பு, வெட்டிய ஓரம், போலி என்று எல்லாச் சந்தேகத்துக்கும் சேர்த்து வாங்குபவர் கழித்துக்கொள்வார்.

அவருக்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. கடைக்காரரிடம் அவர் கொண்டுபோனால் சந்தை விலையில் பாதியிலிருந்து எழுபது சதவீதம்வரை சொல்வார். அது கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கு வாடகை உண்டு, விற்காமல் கிடக்கும் சரக்கும் உண்டு. அவரே ஈபேயில் விற்றால் கட்டணமாகச் சுமார் 13 சதவீதம் போகும், பிறகு தபால், காப்பீடு, வாங்கியவர் திருப்பி அனுப்பும் தலைவலி. எல்லாம் போக அவர் கையில் 80 சதவீதம் நிற்கலாம். நீங்கள் விற்பதற்காக வாங்கவில்லை, வைத்துக்கொள்ளத்தானே? அப்படியானால் அந்த 80ஐக் கொடுங்கள். அவர் தானே விற்றிருந்தால் வந்திருக்கும் பணம் எந்தச் சிரமமும் இல்லாமல் வருகிறது, உங்களுக்கும் சந்தை விலையைவிடக் குறைவு. அந்தக் கணக்கை அவரிடம் காட்டியே கொடுங்கள்.

மூன்றாம் அம்பயர்:

அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை. கிரேடு எண்ணை இவ்வளவு நம்பி விலை கட்டுவது சரியா? பிஎஸ்ஏ 1991இல் தொடங்கியபோது முதன்முதலில் கிரேடு செய்த அட்டையே அந்தப் புகழ்பெற்ற டி206 வாக்னர்தான், 8 என்று எண் போட்டார்கள். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு காலத்தில் பங்கு வைத்திருந்த அட்டை. 2007இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு எண்ணே தரக்கூடாது என்பது விதி. டப்பாவுக்குள் இருப்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. அட்டையை வாங்குங்கள், டப்பாவை வாங்காதீர்கள்.

கருப்புஓரம்:

அம்பயர் சொல்வது உண்மை. ஆனால் அந்த வாக்னர் இன்று ஏலத்துக்கு வந்தாலும் பெருந்தொகைக்குப் போகும் என்பதையும் யோசியுங்கள், வெட்டியது ஊருக்கே தெரிந்த பிறகும்! நான் எண்ணை நம்பச் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் அதை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள், அதனால் விலையில் அது இருக்கிறது. நான் சொல்லும் அளவும் பூதக்கண்ணாடியும் எதற்கு? எண்ணைச் சரிபார்க்கத்தான்.

ரேப்பர்:

கிரேடிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ரயனை மட்டும் அனுப்புங்கள். ரெஜி ஜாக்சன் மூலை நன்றாக இருந்தால் அதையும் அனுப்பலாம். மற்றதை அனுப்பினால் அட்டையின் விலையைவிடக் கட்டணம் அதிகமாகும். கிளமென்டேவின் கருப்பு ஓரம் உதிர்ந்திருக்கும், அதை அப்படியே வைத்து ரசியுங்கள். ரயனை அனுப்பும்போது சென்டரிங் குறைக்காகத் தனியாக ஓசி (ஆஃப் சென்டர், நடுவில் இல்லை) குறி போட வேண்டாம் என்று படிவத்தில் கேட்டுக்கொள்ளலாம். அப்போது அந்தக் குறையையும் எண்ணிலேயே கழித்துக் கொடுப்பார்கள். குறி போட்ட 5ஐவிடக் குறி இல்லாத 3 விற்கச் சுலபம்.

ஷூபெட்டி:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப் போட்ட தாளைப் பெரியவரிடம் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். ரயன் கிரேடாகி வந்ததும் அன்றைய விற்பனைகளைப் பார்த்து 80 சதவீதம், மற்றவற்றுக்கு இப்போதே ஒரு தொகை என்று முடிவாயிற்று. ஒரே நிபந்தனை வைத்தார்: மான்டில் ரீபிரின்ட் பேரனுக்கு வேண்டுமாம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம்: ரயனை அனுப்பும்போது கெட்டியான பிளாஸ்டிக் டாப்லோடரிலா, வளையும் கார்ட் சேவரிலா?

ரேப்பர்:

கார்ட் சேவர். முதலில் மெல்லிய உறையில் போட்டு, பிறகு அதற்குள் வையுங்கள். டாப்லோடரிலிருந்து எடுக்கும்போது மூலை இடிபடும். பார்சலைப் பதிவுத் தபாலில், காப்பீட்டோடு அனுப்புங்கள். காப்பீட்டுத் தொகைக்கு அண்ணன் பார்க்கச் சொன்ன பிஎஸ்ஏ 4 விலையை எழுதுங்கள், ஆசைப்பட்டு 8 விலையை எழுதிவிடாதீர்கள், கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.